மேடை ஏறட்டும் இவை!

ஆண்டு விழா நெருங்குகிறது. அரங்கம் அமர்த்தியாகிவிட்டது, ஒலிபெருக்கிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, தலைமை தாங்கப் பெரியவர் ஒருவர் இசைந்துவிட்டார், தோரணம் கட்டத் தோழர்கள் துடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான், "நாடகம் ஒன்றும் போடலாமே!" என்ற நினைவு யாரோ ஒருவருக்கு வருகிறது. உடனே என்ன செய்கிறோம்? தொலைக்காட்சித் துணுக்குகளைத் தொகுத்து, திரைப்படத்தில் கேட்ட நகைச்சுவையைத் திருப்பிச் சொல்லி, அரைமணி நேரம் ஆரவாரம் செய்து, அதற்கு நாடகம் என்று பெயரும் சூட்டிவிடுகிறோம்! கூட்டம் சிரிக்கிறது, கலைகிறது, வீடு சேருமுன் மறந்தும் விடுகிறது.

விருந்துக்கு வா என்று அழைத்துவிட்டு, வெற்றிலையை மட்டும் நீட்டி வழியனுப்புவது போன்றதல்லவா இது?

இளைஞர் மன்றங்களிலே நாடகம் படித்தும், படிக்கவைத்தும், ஒத்திகை பார்த்தும் பல ஆண்டுகள் கழித்துவிட்டவன் நான். என்னிடம் வரும் தம்பிமாரும் தங்கைமாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே! போடத்தக்க நாடகம் எது?" தனித்தனியே அவர்களுக்குச் சொல்லிவந்ததை இங்கே ஒருசேரச் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

தேர்ந்தெடுக்க நான் கைக்கொள்ளும் அளவுகோல் மூன்று. பார்த்தவர் ஒரு கேள்வியோடு வீடு திரும்பவேண்டும் என்பது முதலாவது. ஏழெட்டுப் பேரும் நாலு நாற்காலியும் இருந்தால் நடத்திவிட முடியவேண்டும் என்பது இரண்டாவது. கொடியவனைப் பேயாகவும் நல்லவனைத் தேவனாகவும் தீட்டிவிடாமல், மனிதரை மனிதராகக் காட்டவேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் நம்மவர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். மேடையிலே ஒருவன் நம் கருத்தை முழங்கினால் நாம் கைதட்டுகிறோம். கைதட்டுகிறவன் யார்? ஏற்கெனவே நம்மோடு இருப்பவன்! வாயிற்படியருகே, போகலாமா இருக்கலாமா என்று தயங்கி நிற்கிறானே, அவன் அல்லவா நாம் தேடும் ஆள்? முழக்கம் அவனைத் தொடாது. வாழ்க்கை தொடும்.

முதலிலே நான் பரிந்துரைப்பது, விஜய் தெண்டுல்கர் மராத்தியில் எழுதி, 1967-இல் மேடையேறிய நாடகம். தமிழில் அதன் பெயரை, 'அமைதி! நீதிமன்றம் நடக்கிறது' என்று சொல்லலாம். சிற்றூர் ஒன்றிற்கு நாடகம் நடத்த வந்த குழுவினர், பொழுது போகவேண்டுமே என்பதற்காக விளையாட்டாய் ஒரு வழக்கு நடத்துகிறார்கள். கூண்டில் நிறுத்தப்படுபவள் லீலா பெனாரே. பள்ளி ஆசிரியை, மணமாகாதவள், கலகலவெனப் பேசுகிறவள். குற்றச்சாட்டு, சிசுக்கொலை! எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள். விசாரணை வளர வளரச் சிரிப்பு தேய்கிறது. சாட்சி ஒவ்வொருவனும் அவளுடைய வாழ்விலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தெடுத்து அவையின் நடுவே வைக்கிறான். நீதிபதியாக அமர்ந்தவரே இருக்கையை விட்டு இறங்கிவந்து சாட்சி சொல்கிறார்! அவள் கருவுற்றிருப்பது அம்பலமாகிறது. அதற்குக் காரணமானவர் ஒரு பேராசிரியர். அவரும் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்தாம். ஆனால் அன்று வரவில்லை. முடிவிலே தீர்ப்பு வருகிறது: சிசுக்கொலை பாவம் என்று சீறிய அதே மன்றம், அவள் வயிற்றிலிருக்கும் சிசு அழிக்கப்படவேண்டும் என்று ஆணையிடுகிறது!

இதைவிடக் கூர்மையாக, ஒழுக்கம் பேசும் கூட்டத்தின் உள்ளத்தை உரித்துக் காட்டிய நாடகம் அரிது. நடிக்க எட்டுப்பேர் போதும், காட்சி மாற்றம் இல்லை, ஒரே கூடம். நாடகக் குழுவைப் பற்றிய நாடகமாகையால், புதிதாக நடிக்க வருவோரின் தடுமாற்றம்கூட அதிலே பொருந்திப் போகும்.

நாங்கள் இதனை நடத்த முற்பட்டபோது, மண்டபத்தார் ஒருவர் கதையைக் கேட்டதும், "குடும்பப் பெண்கள் வருமிடம் இது" என்று கூறிக் கதவைச் சாத்தினார். வேறோர் இடம் பார்த்து நடத்தினோம். நாடகம் முடிந்ததும் கைதட்டல் எழவில்லை. முன்வரிசையிலே முதிய அம்மையார் ஒருவர், எழுத்தறியாதவர். எழுந்து நின்று, "அந்த வாத்தியார் எங்கேப்பா போனான்? அவனை ஏன் யாரும் கூப்பிடலே?" என்று கேட்டார். ஓராயிரம் கைதட்டலுக்கு ஈடாகுமே அந்தக் கேள்வி! கதவைச் சாத்தியவர் அஞ்சியதும் அதற்குத்தானே?

அடுத்தது தமிழிலேயே எழுந்த நாடகம்: இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'. நந்தன் கதை நாடறிந்தது. கதாகாலட்சேபம் கேட்டோம், திரைப்படம் கண்டோம், தீயில் இறங்கித் தூய்மை பெற்றான் என்று சொன்னதைக் கேட்டுக் கண்ணீரும் வடித்தோம். தீயில் இறங்கினால் மனிதன் என்ன ஆவான் என்று மட்டும் கேட்கத் தவறினோம்! இந்த நாடகம் கேட்கிறது. மேல் தட்டினர் கூடிச் சூழ்ச்சி செய்கின்றனர். நந்தனின் ஆர்வமே அவனுக்கு வலையாகிறது. அற்புதம் என்று நமக்குச் சொல்லப்பட்டது கொலையாகத் தெரிகிறது. பக்தனை இழிவுபடுத்தும் வரி ஒன்றும் இதில் இல்லை. அவனை எரித்தவர்களைத்தான் அடையாளம் காட்டுகிறது. ஆட்டமும் பாட்டும் நிறைந்த நாடகம் இது. பறை அறிந்தவர் உங்கள் ஊரில் இருப்பார். அவரைத் தேடிச் சென்று அழையுங்கள். கூலிக்கு வாசிப்பவராக அல்ல, குழுவில் ஒருவராக அழையுங்கள்.

"சிரிப்பு வேண்டும் அண்ணே, சிரிப்பில்லாவிட்டால் கூட்டம் உட்காராது" என்பவர்களுக்கு, இத்தாலிய நாட்டுத் தாரியோ ஃபோவைச் சுட்டுவேன். 1997-இல் நோபல் பரிசு பெற்றவர். மிலான் நகரிலே 1969 திசம்பரில் குண்டு வெடித்தது. விசாரணைக்கென்று பிடித்துச் செல்லப்பட்ட இரயில்வே தொழிலாளி பினெல்லி, காவல் தலைமையகத்தின் சாளரத்திலிருந்து விழுந்து மாண்டார். மறு ஆண்டே, 'ஓர் அராஜகவாதியின் தற்செயல் மரணம்' மேடையேறியது. காவல் நிலையத்துக்குப் பிடித்துவரப்பட்ட பித்தன் ஒருவன் அங்கேயே நீதிபதி வேடமிட்டு, "நடந்ததை நடித்துக் காட்டுங்கள்" என்கிறான். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். ஒன்பதும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன! வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே இருக்கும்போது நெஞ்சில் முள் தைக்கிறது. 2020-இல் சாத்தான்குளத்திலே, காவல்துறை பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் உயிரிழந்த செய்தியைப் படித்த நமக்கு, மிலான் தொலைவான ஊரா?

ஆளே இல்லை என்று ஏங்குவோருக்கு ஒரு நாடகம் உண்டு. இரண்டே பேர்! அதோல் ஃபியூகார்டும், கருப்பின நடிகர்களான ஜான் கானி, வின்ஸ்டன் ந்சோனா இருவரும் சேர்ந்து உருவாக்கி, 1973-இல் தென்னாப்பிரிக்காவிலே அரங்கேற்றிய 'தீவு'. நிறவெறி ஆட்சி மனிதரை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறைதான் களம். ஒருவன் மணலை அள்ளிக் கொண்டுபோய் மற்றவன் முன் கொட்டுகிறான். அவன் அதை அள்ளிவந்து இவன் முன் கொட்டுகிறான். முடிவில்லா வேலை, பயனில்லா வேலை, மனிதனை உடைப்பதற்கென்றே வகுத்த வேலை! பேச்சே இல்லாமல் நீளும் இந்தத் தொடக்கக் காட்சிக்குத் தேவை, இரண்டு உடல்களும் அவற்றின் களைப்பும் மட்டுமே. இரவிலே அவ்விருவரும் கிரேக்க நாடகமான 'அந்திகோன்' ஒத்திகை பார்க்கிறார்கள். பெண் வேடம் கட்ட வின்ஸ்டன் வெட்கப்படுகிறான்; தோழன் சிரிக்கிறான். இதற்கிடையே ஜானுக்கு விடுதலை நெருங்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. வின்ஸ்டனுக்கோ ஆயுள் தண்டனை. மகிழ்ச்சியும் பொறாமையும் ஒரே அறையில் எப்படித் தூங்கும்? எனினும், முடிவிலே அந்திகோனாக நின்று அவன் பேசும்போது, சட்டம் பெரிதா நீதி பெரிதா என்ற கேள்வி சிறைக் கூடத்தையே நிறைக்கிறது. இக்குழுவினருக்கு இது வெறுங்கற்பனையும் அன்று. மண்டேலாவே அந்தச் சிறையில் 'அந்திகோன்' நாடகத்தில் கிரியோன் மன்னனாக நடித்தவர் அல்லரோ!

இன்னும் இரண்டைச் சுருங்கக் கூறுகிறேன். கவிஞர் இன்குலாப் எழுதி, அ. மங்கை நெறிப்படுத்திய 'ஔவை', கோலூன்றிய பாட்டியைக் கீழிறக்கிவிட்டு, பாடித் திரிந்து, அதியமானோடு அமர்ந்து கள்ளுண்டு, போரை எதிர்த்துப் பேசிய சங்ககால இளம் பெண்ணைக் காட்டுகிறது. பெண்கள் மிகுந்த குழுவினர் தயங்காமல் எடுக்கலாம். கே. ஏ. குணசேகரனின் 'பலியாடுகள்', சாதியால் பலியிடப்படுவோருள்ளும் முதலில் பலியாகிறவள் பெண்ணே என்று, நமக்குள்ளேயே திரும்பிப் பார்க்கச் சொல்லும் நாடகம். பிறரைச் சாடுவது எளிது. தன்னைச் சாடும் நாடகத்தைப் போடும் மன்றமே வளர்ந்த மன்றம்.

எப்படிப் போடுவது? முதலில், வட்டமாக அமர்ந்து உரக்கப் படியுங்கள். ஒரு முறையல்ல, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பாத்திரத்தை மாற்றிக்கொண்டு படியுங்கள். பெனாரேயாகப் படித்தவன் மறுநாள் நீதிபதியாகப் படிக்கட்டும். இரண்டு நாற்காலிகளிலிருந்தும் உலகம் எப்படித் தெரிகிறது என்பது அப்போது புரியும். ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ இசைவு பெறுங்கள். பிறர் உழைப்பை மதிக்காதவன் உழைப்பாளரைப் பற்றி நாடகம் போடுவது அழகல்ல. திரைச்சீலைக்கும் வண்ண விளக்குக்கும் செலவிடுவதை ஒத்திகை நாட்களின் தேநீருக்குச் செலவிடுங்கள். நாடகம் முடிந்தபின் அரைமணி நேரம் பார்த்தவர்களைப் பேசவிடுங்கள். நன்றியுரையைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

எம். ஆர். ராதாவின் நாடகங்கள் சிலருடைய உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த காலத்திலே, 1954-இல், இந்த மாநிலத்தில் நாடகத்தைக் கட்டுப்படுத்தச் சட்டமொன்று இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது நீடித்தது. 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குத் தொடுத்தார். 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் செல்லா என்று தீர்ப்பளித்தது. ஒரு நாடகக்காரர் நமக்காகத் திறந்துவைத்த கதவு அது. திறந்த கதவின் வெளியே நின்றுகொண்டு துணுக்குகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கப் போகிறோமா?

விழா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிறு மாலை, ஐந்து பேர், ஒரு நூல், ஒரு விளக்கு. உரக்கப் படிக்கத் தொடங்குங்கள். மேடை தானாக வந்து சேரும்.