தேத்தண்ணி சாப்பாடே?

லாப்பில் தந்த துண்டில் இருந்தது இரண்டே சொல்: வெறும் வயிறு. இரவு அதை அம்மம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினோம். "ஓம் பிள்ளையள், சாப்பிடக் கூடாது, அவ்வளவுதானே" என்றா. விடிய ஏழரைக்கு ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் குடுத்தோம். வீட்டுக்கு வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டாச்சு. எல்லாம் ஒழுங்காய் முடிஞ்சுது எண்டுதான் பேத்திகள் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

கிணத்தடியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் அம்மம்மாவின் வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. நின்ற உயரத்தில் இருந்து விழுந்ததற்கே என்பு உடைந்தால் அதைச் சும்மா விபத்தாக எடுக்கக் கூடாது என்று டொக்டர் ஸ்கான் எடுக்கச் சொன்னார். இடுப்பிலும் முள்ளந்தண்டிலும் அடர்த்தி நல்லாய்க் குறைந்திருந்தது. ஒஸ்டியோபொரோசிஸ். மருந்து தொடங்க முதல் ரத்தத்தில் சி.ரி.எக்ஸ். என்று ஒன்றையும் பார்க்கச் சொல்லி எழுதித் தந்தார்.

ஓ.எல். விஞ்ஞானத்தோடு உயிரியலுக்குக் கைகாட்டிய கலைப்பீடக்காரர் நாங்கள். என்பு எண்டால் ஒருக்காக் கட்டி முடித்த சுவர் மாதிரி என்றுதான் நினைத்திருந்தோம். அப்படி இல்லையாம். வளர்ந்த ஒரு ஆளின் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருசமும் புதிதாகிறது. ஒரு வகைக் கலங்கள் பழைய என்பைக் கரைக்கும், இன்னொரு வகை புது என்பைக் கட்டும். கரையும்போது என்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தின் சிறு துண்டுகள் ரத்தத்தில் கலக்கின்றன. அதைத்தான் சி.ரி.எக்ஸ். அளக்கிறது. கட்டும் வேலையை அளக்க பி1என்பி என்று வேறொரு பரிசோதனை இருக்கு. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைய, கரைக்கிற வேலை கட்டுகிற வேலையை முந்திவிடும்.

சுவரில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கான் காட்டும். எவ்வளவு வேகமாக இடிபடுது என்று ரத்தம் சொல்லும். நோய் இருக்கா இல்லையா என்று ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல ஏலாது. ஆனால் மருந்து வேலை செய்வது ஸ்கானில் தெரிய ஒன்றிரண்டு வருசம் எடுக்கும். ரத்தத்தில் மூன்று மாதத்திலேயே தெரியத் தொடங்கும். அதற்குத்தான் மருந்துக்கு முந்திய இலக்கம் தேவை.

ரிப்போர்ட் வந்தது. நோர்மல். "அம்மம்மா, நீங்கள் பாஸ்!" என்று கத்தினோம். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, "விடிய ஒண்டும் எடுக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். "இல்லை டொக்டர்" என்று நாங்கள்தான் முந்திக்கொண்டு சொன்னோம். அம்மம்மா நிலத்தைப் பார்த்தா.

"ஒரு தேத்தண்ணி மட்டும் தம்பி. சீனி போட்டு. தேத்தண்ணி சாப்பாடே?"

டொக்டர் ஏசவில்லை. சி.ரி.எக்ஸ். விடியப்புறத்தில் கூட இருக்கும், ஏதாவது உள்ளே போனதும் இறங்கிவிடும். மறுபக்கம், உடைந்த என்பு ஆறும் மாதங்களில் அது ஏறும். ஒன்று ஏற்ற, இன்னொன்று இறக்க, நடுவில் வந்து நின்ற இலக்கத்தைத்தான் நாங்கள் கொண்டாடியிருக்கிறோம்.

வீட்டுக்கு வரும் வழியில் எங்களுக்குச் சரியான கோபம். அவ்வளவு காசு. "ஏன் அம்மம்மா சொல்லேல்ல?"

"நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுறன். ஒரு வாய் குடிச்சாத்தான் எனக்குக் கை கால் ஓடும். ஆர் கேட்டனீங்கள்?"

ஒருவரும் கேட்கவில்லைதான். பிளாஸ்டர் போட்டிருந்த ஆறு கிழமையும் இடது கையால் அவதான் எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தா. நாங்களும் குடித்துவிட்டு எட்டு மணி விரிவுரைக்கு ஓடினோம். அதுக்கு முதலே ஒரு நாள், "உப்புப் பேணி வைக்கிற தட்டு உயந்து போச்சு" என்று சொன்னா. நாங்கள் சிரித்துவிட்டு, பேணியைக் கீழ்த் தட்டில் வைத்தோம். நலிந்த முள்ளந்தண்டென்புகள் பெரிய நோவே இல்லாமலும் அமுங்கும், ஆள் கட்டையாகும் என்று இப்போதுதான் தெரியும். தட்டு உயரவில்லை, அம்மம்மாதான் குறைந்துகொண்டு வந்திருக்கிறா.

இரண்டாம் தரம் ரத்தம் குடுத்த அன்று நாங்கள் நாலு மணிக்கே எழும்பி அடுப்படியில் இருந்தோம். தண்ணி மட்டும் குடிக்கக் குடுத்தோம். இந்த முறை இலக்கம் கூட. "உடைவு ஆறுறதும் இதில இருக்கு. ஆனா அடுத்த முறையும் இதே மாதிரி எடுத்தால் ஒப்பிடலாம்" என்றார் டொக்டர். நோர்மல் என்று வந்த ரிப்போர்ட்டை விட, கூட என்று வந்ததில்தான் அவருக்குத் திருப்தி.

இருபதுகள் முடிவதற்குள் எங்கட என்பும் அதன் உச்சத்தைத் தொட்டுவிடும், பிறகு செலவுதான் கூட என்று வாசித்தோம். காலைச் சாப்பாட்டை ஒரு பிளேன்ரீயோடு முடிக்கிற எங்களுக்கு அது கொஞ்சம் குத்தியது.

இப்போது ஞாயிறு விடிய அம்மம்மாவுக்குக் குளிசை. வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் தண்ணியோடு. அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேணும். அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி. அதை நாங்கள் போடுகிறோம். முதல் ஞாயிறு கதிரையில் இருந்தபடியே, "தண்ணி கொதிச்சிட்டுது", "சாயம் காணாது" என்று அரை மணியும் சொல்லிக்கொண்டே இருந்தா.

இரண்டாம் ஞாயிறு ஒன்றும் சொல்லவில்லை. குடித்துப் பார்த்துவிட்டு, "சீனி காணாது" என்று மட்டும் சொன்னா.