காலனிக்கு ஒரு பூவின் பெயர்

போன வாரம் தருமபுரி டவுன் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் பழக்கமானவர், ரொம்ப வருடமாக எங்கள் ரூட்டில் ஓடுகிறவர். "காலனி ஸ்டாப் ஒண்ணு" என்று காசை நீட்டினேன்.

"அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுன்னு சட்டசபையிலயே சொல்லிட்டாங்க. நீங்களே சொல்றீங்களே சார்?"

"சரி, வேற என்னன்னு கேக்கறது?"

"அதை நீங்கதான் சொல்லணும். புதுப் பேர் என்ன?"

"இன்னும் வைக்கலை."

"பேர் இல்லாத எடத்துக்கு நான் எப்படி டிக்கெட் போடறது?" என்று சிரித்தார். பின் சீட்டில் இருந்தவரும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். பிறகு மெஷினில் எதையோ தட்டி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதில் ஊர்ப் பெயர்தான் இருந்தது. மெஷினில் எங்கள் ஸ்டாப்பே கிடையாதாம். அதைப் பொறுத்தவரை நாங்களும் ஊர்க்காரர்கள். இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து அப்படி நினைக்கிற ஒரே ஜீவன் அதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்குவோம் என்று அறிவித்தார். அக்டோபரில் சாதிப் பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகளின் பெயரை மாற்ற அரசாணையும் வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. இதைக் கேட்டு மனு எழுதியவர்களில் நானும் ஒருவன்.

வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள்: காலனியில் என்னப்பா தப்பு? டீச்சர்ஸ் காலனி இருக்கிறது, ஆபீசர்ஸ் காலனி இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் வெட்கப்படுகிறார்களா? வெட்கப்படவில்லைதான். அவர்கள் காலனிக்கு முன்னால் ஒரு உத்தியோகம் இருக்கிறது. எங்கள் காலனிக்கு முன்னால் எதுவும் கிடையாது. வெறும் 'காலனி'. முன்னால் ஒன்றும் போடாவிட்டாலே எல்லோருக்கும் புரிந்துவிடும். நான் நாலாவது படிக்கும்போது வாத்தியார் கபடிக்கு டீம் பிரிப்பார்: "ஊர்ப் பசங்க இந்தப் பக்கம், காலனிப் பசங்க அந்தப் பக்கம்." அவர் கெட்டவர் இல்லை. சீக்கிரம் பிரிக்க அதுதான் வசதி. பையன்கள் ஏற்கெனவே அப்படித்தான் நின்றுகொண்டிருப்போம்.

வெள்ளைக்காரனிடம் காலனி என்றால் அவனுக்கு இந்தியா ஞாபகம் வரும், ஜமைக்கா ஞாபகம் வரும். 1947 ஆகஸ்டில் நாடு காலனியாக இருப்பது முடிந்தது. எங்கள் தெரு அதற்கு அப்புறம்தான் காலனி ஆனது. ஏரிக்கரைப் பக்கம் இருந்த குடிசைகளை எழுபதுகளில் நகர்த்தி, ஊருக்குக் கிழக்கே தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தார்கள். முன்பு அதற்குச் 'சேரி' என்று பெயர். வீடு கட்டிக் கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு இங்கிலீஷ் பெயரை வைத்தார்கள். இங்கிலீஷில் சொன்னால் நாற்றம் அடிக்காது என்று நினைத்திருப்பார்கள். பத்து வருடம்கூடத் தாங்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு காகிதமும் எங்களை ஒவ்வொரு பெயரில் கூப்பிடுகிறது. தாத்தாவின் குத்தகைச் சீட்டில் 'பஞ்சமர்'. இத்தனைக்கும் 1922-லேயே எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பறையர், பஞ்சமர் என்ற சொற்களை எடுத்துவிட்டு ஆதி திராவிடர் என்று எழுத அரசாணை போட வைத்துவிட்டார். எழுதுகிறவர் கை பழகிய சொல்லைத்தான் எழுதியிருக்கிறது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் 'அரிசன்'. 1982-ல் மத்திய அரசு அதையும் எழுத வேண்டாம் என்று சொன்னது. என் சான்றிதழில் 'ஆதி திராவிடர்'. நான் தங்கிப் படித்தது ஆதி திராவிடர் நல விடுதியில். 2025 ஜூலையில் அதுவும் 'சமூகநீதி விடுதி' ஆகிவிட்டது. போன மாதம் ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். போர்டு புதுசு, பெயிண்ட் காயாத வாசனை. சாம்பார் என் காலத்து சாம்பார்தான், அதில் பருப்பைத் தேடும் விளையாட்டையும் பையன்கள் மறக்கவில்லை.

பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று முன்பெல்லாம் நானே மேடையில் பேசியிருக்கிறேன். அப்படிப் பேசும்போது நான் சொல்லும் உதாரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2012 நவம்பர் 7 சாயங்காலம் நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். ஒரு பையனும் பெண்ணும் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம் என்றார்கள். 250 வீடுகளுக்கு மேல் எரிந்தன. அந்த வாரம் நான் போய்ப் பார்த்தேன். பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்து சேர்த்து வாங்கிய பிரிட்ஜ், பைக், பீரோ எல்லாம் கரிக்கட்டையாகக் கிடந்தன. பிள்ளைகளின் சான்றிதழ்கள் எரிந்துபோயிருந்தன. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி மாதிரி எத்தனை பெட்டி அங்கே இருந்திருக்கும்! அந்த மூன்று குடியிருப்புகளின் பெயர் என்ன தெரியுமா? நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர். காலனி என்பது மற்றவர்கள் ஒட்டிய வால். அதிலும் ஒன்று முதலமைச்சராக இருந்த தலைவரின் பெயர். நெருப்பு வைத்தவர்கள் போர்டைப் படிக்கவில்லை. அடுத்த வருடம் ஜூலை 4 அன்று அந்தப் பையன் இளவரசன் தருமபுரியில் ரயில் பாதை ஓரமாகப் பிணமாகக் கிடந்தான்.

பெயரில் ஒன்றுமே இல்லை என்றும் விட முடியவில்லை. 1997-ல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். பஸ் அதே பஸ், சீட் அதே சீட், கண்டக்டர் அதே கண்டக்டர். ஆனால் மேலே ஒரு தலித் வீரனின் பெயர். கலவரம் நடந்தது, உயிர்கள் போயின. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. எங்கள் தருமபுரி பஸ்ஸில் அதுவரை எம்.ஜி.ஆரின் தாயார் அன்னை சத்யா பெயர் இருந்தது. அந்த அம்மாவும் இறங்கிப் போனார். ஆக, பெயரில் என்ன இருக்கிறது என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

லண்டனில் என் அக்கா மகன் இருக்கிறான், ஈஸ்ட் ஹாமில் மூன்று பேரோடு ரூம். அவனுக்குக் காலனிப் பிரச்சினை இருக்காது என்று நினைத்திருந்தேன். போன் பண்ணும்போது சொன்னான்: "மாமா, இங்க வெள்ளைக்காரன் எந்த ஊருன்னு கேட்டா இந்தியான்னு சொன்னதும் நிறுத்திக்குவான். நம்மாளு நிறுத்த மாட்டான். தருமபுரின்னா எங்க, அரூரா பென்னாகரமா, அதுல எந்தப் பக்கம்னு வந்துக்கிட்டே இருப்பான். நேத்து ஒருத்தன் கூகுள் மேப்பைத் தெறந்து, காட்டுங்க ப்ரோங்கறான்." இவன் விரலை வைத்து மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மாரியம்மன் கோயில் மேல் நிறுத்திவிட்டானாம். கோயிலுக்கு மேற்கா கிழக்கா என்று அவன் கேட்பதற்குள் போன் வந்துவிட்டது என்று எழுந்து போயிருக்கிறான்.

அந்த நாட்டுச் சட்டத்தின் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 2010-ல் சமத்துவச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் சாதியையும் சேர்த்தாக வேண்டும் என்று 2013-ல் பாராளுமன்றம் சொன்னது. அரசு ஐந்து வருடம் யோசித்தது. 2018 ஜூலையில், தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று முடித்துவிட்டது. நாம் இங்கே சொல்லை எடுக்கிறோம், அவர்கள் அங்கே சொல்லைப் போட மறுக்கிறார்கள். எங்கள் பையன் இரண்டுக்கும் நடுவில் மேப்பைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் ஊர்ப் பெயர் சமாசாரத்துக்கு வருகிறேன். கருத்துக் கேட்க ஒரு நாள் காலை புளியமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். இளைஞர்கள் எதிர்பார்த்தபடியே 'அம்பேத்கர் நகர்' என்றார்கள். பெரியவர்கள் சிலர் தயங்கினார்கள். அம்பேத்கர் மேல் மரியாதை இல்லாமல் இல்லை. "அந்தப் பேரை வெச்சா காலனின்னு எழுதி ஒட்டின மாதிரிதான்டா" என்றார் ஒரு பெரியப்பா. அதைக் கேட்டு எனக்குக் கோபமும் வந்தது, பதிலும் வரவில்லை. நாட்டுக்கே அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்தவரின் பெயரை நம் தெருவுக்கு மட்டும் உரிய பெயராக மாற்றிவிட்டார்களே.

வந்திருந்த அதிகாரி சமாதானமாக, "பூவோட பேரை வைக்கலாமே, மல்லிகை, ரோஜா, அப்படி ஏதாவது" என்றார். அப்போதுதான் என் பெரியம்மா வாயைத் திறந்தார். நாற்பது வருடமாக அடுத்தவர் தோட்டத்தில் விடியற்காலையில் பூப் பறிக்கிறவர். சாமந்திக்கு விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு அதே கூலி.

"மல்லி நகர்னே வையுங்க சாமி. நாளைக்கு 'மல்லி நகர்ப் பசங்க இந்தப் பக்கம் நில்லுங்க'ன்னு சொல்ல எத்தனை நாளாகும்? பூவுக்கும் கெட்ட பேரு."

அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்போ நீங்களே சொல்லுங்கம்மா, என்ன பேர் வைக்கலாம்?"

"ஊரு பேரையே வையுங்க. தனியா எதுக்குப் பேரு? அங்க மேற்குத் தெரு, வடக்குத் தெரு இருக்குதில்ல, இது கிழக்குத் தெரு."

கூட்டம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பல வருடமாக மனு எழுதுகிற எனக்கு இது தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நானும் மனசுக்குள் பெயர்ப் பட்டியல்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதுவரை ஊர்த் தரப்பிலிருந்து எந்த எதிர்ப்பும் இல்லை. அம்பேத்கர் நகரா, தாராளமாக. மல்லிகை நகரா, ரொம்ப அழகு. கிழக்குத் தெரு என்றதும்தான் பின்னால் நின்றுகொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் தொண்டையைச் செருமினார். கோபமாகப் பேசவில்லை, ரொம்பப் பதமாகத்தான் பேசினார்.

"ஏம்பா தம்பி, அதெப்படி சரியா வரும்? லெட்டர் எல்லாம் மாறிப் போயிடும். போஸ்ட்மேனுக்குத்தானே கஷ்டம்?"

எங்கள் தபால்காரர் முப்பது வருடமாக ஊருக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான் தபால் கொடுக்கிறார். ஒவ்வொரு வீட்டு நாய்க்கும் அவரைத் தெரியும். அவருடைய கஷ்டத்தைப் பற்றி ஊரில் ஒருவர் கவலைப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். இன்னொருவர், "தெருன்னா திருவிழாவுக்கு வரி, தேர் வர்ற வழி, எல்லாம் கேள்வி வரும்" என்று சொல்லத் தொடங்கினார், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்ததும் நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் மாரியம்மன் தேர் கோயிலிலிருந்து மூன்று தெரு சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். நாலாவதாக ஒரு தெரு இருக்கிறது என்று காகிதத்தில் வந்தால், அது ஏன் இங்கே வரவில்லை என்று யாராவது ஒரு பையன் கேட்பான்.

"எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்து எழுதிக் கொடுங்க" என்று அதிகாரி எழுந்துவிட்டார். பெரியம்மா சொன்னதை நான் அப்படியே மனுவாக எழுதி, நாற்பத்து மூன்று கையெழுத்தும் இருபது கைநாட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பழைய பெயர் மட்டும் உடனே போய்விட்டது. முனையில் இருந்த போர்டுக்கு யாரோ வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள். மழைக்கு முன்னாலேயே பையன்கள் அதன் மேல் கரியால் மூன்று ஸ்டம்ப் வரைந்துவிட்டார்கள். நேற்று பஸ்ஸில் அதே கண்டக்டர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஊர்ப் பெயர் போட்ட டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார். "எங்கே எறங்கணும்னு எனக்குத் தெரியும், உக்காருங்க சார்" என்றார்.