அக்கா கட்டிய நூலகம்



பங்குனி மாதம் எங்க அக்கா காலேஜிலிருந்து நாலு நாள் லீவில் வந்தாள். "போறதுக்குள்ள நூலகம் எல்லாம் கட்டி முடிக்கணும்" என்றாள். பாட்டி உடனே, "செங்கல்லு எங்கடி?" என்று கேட்டுவிட்டார். நானும் புத்தகம் வைக்கிற நூலகம் என்றுதான் நினைத்தேன். அது வேறயாம்!

நம்ம அறிவியல் புத்தகத்தில் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் பாடம் இருக்கிறதல்லவா? அது 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். கூகுள் நடத்தும் கோடைத் திட்டத்தில் இதற்காக வேலை செய்தால் பணமும் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஒரு சின்னத் திருத்தமாவது செய்து காட்ட வேண்டும். அப்பா கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறார். அடுத்த வருட ஃபீஸுக்கு அக்கா இதைத்தான் நம்பியிருந்தாள்.

திருத்தணும்னா முதலில் முழு மென்பொருளையும் தன் லேப்டாப்பில் கட்டணும். சத்துணவு ஆயா சாம்பார் வைக்கிறார், ஆனால் பருப்பை அவரா விளைவிக்கிறார்? அதுபோல லிப்ரே ஆபீஸும் மற்றவர்கள் எழுதிய நிரல்களை வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. கோப்பைச் சுருக்க இசட்லிப், படத்துக்கு லிப்பிஎன்ஜி, எழுத்துப்பிழை பார்க்க ஹங்கேரியில் பிறந்த ஹன்ஸ்பெல். இவற்றைத்தான் நூலகம் என்கிறார்கள். லினக்ஸில் இதில் பல ஒரே கட்டளையில் கிடைத்துவிடும். விண்டோஸில் ஒவ்வொன்றின் மூலத்தையும் இறக்கி, பிரித்து, விஷுவல் ஸ்டுடியோவால் அங்கேயே கட்ட வேண்டும். 64 பிட்டுக்கு 32 பிட் சேராது. சைக்கிள் நட்டு மாதிரிதான்!

எனக்கு ரொம்பப் பிடித்தது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பவர் அதை முன்னின்று வளர்த்தார். பெயரும் பாரசீகமே. 'கோபுரம்' என்று அடிக்கிறோம். கணினிக்குள் முதலில் 'க', அப்புறம்தான் ஓகாரக் குறி. திரையிலோ இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கணும், கால் பின்னால் நிற்கணும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து இடம் மாற்றி நிறுத்துவது இதுதான். தமிழ் தெரியாத ஒருவர் நம்ம கொம்புக்கும் காலுக்கும் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறாரே! 2017-ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரே ஆபீஸ் எல்லாக் கணினியிலும் இதையே பயன்படுத்துகிறது.

இரண்டாம் நாள் பௌர்ணமி. 14 கிலோமீட்டர் பாதை முழுக்க ஜனம், அத்தனை பேர் கையிலும் போன். எங்க அடி அண்ணாமலையில் சிக்னல் படுத்துவிட்டது. ஒரு கோப்பு பாதியில் நின்றது. ஒவ்வொரு கோப்புக்கும் நீளமாக ஓர் அடையாள எண் உண்டு, அது பொருந்தாவிட்டால் உள்ளே விடாது. அக்கா அழாத குறைதான். ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் மறுபடி இறக்கினாள். நல்லவேளை, கட்டியது வீணாகவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

லேப்டாப் தோசைக்கல் மாதிரி கொதித்தது. நான் பனைவிசிறியால் வீசினேன். "கரண்ட் பில்லை யார் கட்டறது?" என்று அம்மா திட்டிக்கொண்டே எங்களுக்கு டீ போட்டுத் தந்தார்.

மூன்றாம் நாள் மாலை ஜன்னல் திறந்தது. அக்கா முதலில் அடித்தது அப்பாவின் பெயர். கொம்பும் காலும் சரியாக நின்றன.

பிறகு அவள் திருத்தியது நாலே வரி! வெளிநாட்டிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டு, ஒரு வரியை மாற்றச் சொன்னார். மாற்றினாள், ஏற்றுக்கொண்டார்கள். விண்ணப்பமும் போட்டாயிற்று. முடிவு அடுத்த மாதம்தானாம். கடையில் கூட்டம் குறைந்தால் அப்பா அக்காவுக்கு போன் போட்டு, "வந்துச்சாம்மா?" என்று கேட்கிறார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு