வில்லங்கம் பார்க்கப் போனோம்!

பூந்தமல்லி ஹைரோடில் மதுரவாயல், வானகரம் தாண்டினால் வேலப்பன்சாவடி. கருமாரியம்மன் பக்தர்களுக்கு அது திருவேற்காடு திரும்புகிற இடம். சொத்தைப் பல்காரர்களுக்கு டென்டல் காலேஜ் ஸ்டாப். சாவடி என்றால் அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிப் போன இடம். பூந்தமல்லிப் பக்கம் போனால் குமணன்சாவடி, கரையான்சாவடி என்றும் இருக்கின்றன. வேலப்பன் யார் என்று டீக்கடையில் நாலு பேரைக் கேட்டேன். நாலாவது ஆள், "சார் ரியல் எஸ்டேட்டா?" என்று திருப்பிக் கேட்டார்.

நான் போனது ஒரு நண்பருக்காக. கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், இந்த ஊர்க்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்குக் கல்யாணம் ஒன்றா, இரண்டா என்பதுதான் பிரச்னை. கூடத்து போட்டோவில் ஒரே ஒரு கொள்ளுப்பாட்டிதான் இருக்கிறார். 'இன்னொருத்தி' பேச்சை எடுத்தால் எண்பது வயது அத்தை, "அது எதுக்குடா இப்போ?" என்று எழுந்து போய்விடுவார். சும்மா ஊர்வம்பு என்று நினைக்காதீர்கள். அந்த இன்னொருத்தியின் வம்சம் திருவள்ளூர்ப் பக்கம் இருக்கிறது. மூன்று தலைமுறையாக நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து கிடையாது. நண்பரின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்களை அழைக்கலாமா, அழைத்தால் என்ன முறை சொல்லி அழைப்பது?

வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் எழுதி வைத்தார்கள். கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச்சை 1680 அக்டோபரில் திறந்தார்கள். நவம்பர் 4-ம் தேதியே அங்கே முதல் கல்யாணம். மாப்பிள்ளை எலிஹூ யேல். பிற்பாடு இங்கே கவர்னராகி, அமெரிக்காவில் யேல் யுனிவர்சிட்டிக்குப் பெயர் கொடுத்தவர். பெண், கேதரின் ஹின்மர்ஸ் என்கிற விதவை. பதிவேடு பளிச்சென்று சொல்கிறது. ஆனால் அதே யேல் பிற்பாடு ஒரு வைர வியாபாரியின் விதவையான ஹைரோனிமா டி பைவாவோடு குடித்தனம் நடத்தினார். அந்தக் கதைக்கு சர்ச் பதிவேட்டில் கல்யாண வரி கிடையாது. பதிவேடு இருந்தும் பாதிக் கதைதான்!

நம்மவர்களுக்கு அந்தப் பாதியும் இல்லை. கொள்ளுத்தாத்தா கல்யாணத்துக்கு சாட்சி அக்கினி. அதைக் கூண்டில் ஏற்ற முடியாது. எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2009-ல்தான். ஆகவே பழைய காலத்துப் பெண்டாட்டியைத் தேட வேண்டுமானால், முதலில் நிலத்தைத் தேட வேண்டும். நிலத்தை மட்டும் நம் ஆட்கள் ரிஜிஸ்டர் பண்ணாமல் விட்டதில்லை.

பூந்தமல்லிக்கு பஸ் ஏறினோம். சொத்தின் சரித்திரத்தைக் காட்டும் காகிதத்துக்கு 'வில்லங்கச் சான்று' என்று பெயர் வைத்தவர் குடும்பஸ்தராகத்தான் இருக்க வேண்டும். சமீபத்திய வருடங்களை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். பழசுக்கு மனுப் போட வேண்டும். 1908-ம் வருடப் பதிவுச் சட்டப்படி, நிலப் பத்திரங்களைக் காப்பி எடுத்து வைக்கிற முதல் புத்தகத்தை பீஸ் கட்டுகிற யாரும் பார்க்கலாம். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களுக்குத் தனி அட்டவணை உண்டு.

கிடைத்தது இரண்டு பத்திரம். ஒன்று 1930-களில் கொள்ளுத்தாத்தா எழுதிய செட்டில்மென்ட். அரை ஏக்கர் நிலத்தை 'என் இளைய பாரியாள்' என்று சொல்லி, ஒரு பெண்ணின் பெயரையும் அவள் தகப்பனார் பெயரையும் போட்டு எழுதியிருக்கிறார். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்த சட்டம் 1949-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் இளைய தாரமும் தாரம்தான். 'பத்திரத்தில் எழுதினால் மட்டும் போதுமா, தாலி கட்டினாரா?' என்று வக்கீல் கேட்கலாம். ஸ்டாம்ப் பேப்பர் செலவு செய்து, சாட்சி வைத்து, 'பாரியாள்' என்று எழுதுகிற மனுஷன் தாலிக்கா கஞ்சத்தனம் பண்ணியிருப்பார் என்பது என் கட்சி.

இரண்டாவது பத்திரம்தான் நண்பரை உட்கார வைத்துவிட்டது. இருபது வருடம் கழித்து, அதே அரை ஏக்கரை அவளுடைய மகன் விற்கிறார். அவர் பெயருக்கு முன்னால் அப்பா பெயர் இல்லை. அம்மா பெயர்! தாய் பெயரால் அழைக்கப்படுகிறவருக்குத் தாய் பெயரையே எழுதலாம் என்று அந்த 1908 சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சட்டம் இடம் கொடுத்தது சரி, அந்த மகனை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தது யார்? கொள்ளுத்தாத்தா உயிரோடு இருந்தவரை 'பாரியாள்'. அவர் போன பிறகு அவள் பிள்ளைக்கு அப்பா பெயர்கூட மிஞ்சவில்லை. நண்பர் ரொம்ப நேரம் நகலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த தாரத்துப் பிள்ளைகளில் ஒருவர் அவருடைய சொந்தத் தாத்தா.

சாயங்காலம் அத்தைக்குப் படித்துக் காட்டினார். நான்கெல்லையில் 'கிழக்கே கிணறு' என்று வந்ததும் அத்தை கையை நீட்டி நிறுத்தினார்.

"அந்தக் கிணத்தடியிலதாண்டா சின்னாயா எனக்குத் தலைக்கு ஊத்தும். அப்பாருக்குத் தெரிஞ்சா அடிப்பாரு. அதனால தல காயற வரைக்கும் அங்கேயே உக்காத்தி வச்சுக்கும்."

"இவ்வளவு நாளா ஏன் அத்தே சொல்லல?"

"நீங்க யாரு கேட்டீங்க? 'இன்னொருத்தி இன்னொருத்தி'ன்னீங்க. சின்னாயான்னு எவன் கேட்டான்?"

நண்பர் முறை விஷயத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்டார். பத்திரிகையில் எப்படிப் போட, நேரில் போனால் என்ன சொல்ல...

அத்தை வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டார். "தூரத்து சொந்தம், அது இதுன்னு இழுக்காதே. பங்காளின்னு சொல்லிக் கூப்பிடு. நானும் வரேன், வண்டி ஏற்பாடு பண்ணு."