வண்ணம் தீட்டிய காடுகள்

பாலோ வட்டாரத்துப் பழைய வீடுகள் சிலவற்றின் கூடத்தில் ஒரு திருமணப் படம் மாட்டியிருப்பதைக் காணலாம். படம் கறுப்பு வெள்ளைதான். ஆனால், மணமகளின் சேலை மட்டும் சிவந்திருக்கும். தாலிச் சங்கிலி மஞ்சளாக மின்னும். படக்கடைக்காரர் தூரிகையால் தீட்டிய வண்ணம் அது.

இதே கைவேலையை மலைக்கும் அருவிக்கும் செய்த காலம் ஒன்று உண்டு. வண்ணப் படச்சுருள் பரவுவதற்கு முன் அதுவே எளிய வழியாக இருந்தது. 1872இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்காவானது. அங்குப் படக்கடை நடத்திய ஹெய்ன்ஸ் குடும்பத்தார் வெந்நீர் ஊற்றுகளையும் பள்ளத்தாக்குகளையும் படமெடுத்துச் சுற்றுப்பயணிகளுக்கு விற்றனர். அவற்றுள் கையால் வண்ணம் தீட்டியவற்றை இன்றும் பலர் தேடிச் சேர்க்கின்றனர்.

சேகரிப்பவருக்கு முதலில் வேண்டியது ஓர் உருப்பெருக்கி. அச்சிட்ட படமாயின் அதன் வழியே சிறு சிறு புள்ளிகள் தெரியும். கையால் தீட்டிய புகைப்படத்தில் புள்ளிகள் இரா. வண்ணம் சில இடங்களில் மரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கும். ஒரே காட்சியின் இரண்டு படிகளில் வானம் ஒன்றில் நீலமாகவும் மற்றொன்றில் இளஞ்சிவப்பாகவும் இருப்பதுண்டு. கையொப்பத்தையும் அப்படியே நம்ப முடியாது. வாலஸ் நட்டிங் என்னும் அமெரிக்கர் வண்ணம் தீட்டப் பல பெண்களை வேலைக்கு அமர்த்தினார். படத்தின்கீழ் அவருடைய பெயரை எழுதியவர்களும் பெரும்பாலும் அப்பெண்களே!

ஓர் ஆறு எந்தப் பக்கம் வளைந்தது, கரையில் எத்தனை மரங்கள் நின்றன என்பதைக் கேமரா சரியாகச் சொல்லும். அந்த நீர் பச்சையா, தேநீர் போன்ற பழுப்பா என்பது தீட்டியவரின் ஊகமாகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் தமான் நெகாரா 1930களின் இறுதியில்தான் உருவானது. ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் 1993இல் பூங்காவானது. எனவே, பூங்காவின் பெயரைக் கொண்டு பழைய படங்களைத் தேடுபவர் ஏமாறுவார். ஆறு, மலை, இரயில் பாதை எனத் தலைப்பிட்ட அஞ்சலட்டைகளைத்தான் புரட்ட வேண்டும். சிங்கப்பூரின் லம்பர்ட் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலேயே மலாயாக் காட்சிகளைப் படமெடுத்து விற்றது. 1909இல் ஜொகூர் வழியே இரயில் பாதை நிறைவுற்றது. பாலோ அப்பாதையில் உள்ள ஊர். நாளடைவில் இவ்வட்டாரக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாகவும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறின. அதற்கு முந்திய காட்டைக் காட்டும் படம் ஒன்று கிடைத்தால், அதன் பச்சை பொய்யாயினும் அது அரிய பொருளே.

கிடைத்ததைக் காப்பது இன்னும் கடினம். வெயில் பட்டால் வண்ணம் வெளுக்கும். நமது ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சிகள் தாளை அரிக்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது. வெளுத்த இடத்தில் புது வண்ணம் பூசுவோரும் உண்டு. அது படத்தைக் கெடுக்கும் வேலை. பின்புறத்தில் மென்மையான பென்சிலால் இடத்தையும் ஆண்டையும் எழுதி வைக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர், “இது பழைய பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காடு ஐயா,” என்று சொன்னால், அவர் எழுந்து போவதற்குள் எழுதிவிட வேண்டும்.