பாரத்தோடு கேட்க வேண்டும்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரு பகல் நின்றால் போதும், புருவம்கூட வெளுத்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்த நிலம் அது. கல்லை உடைத்தால் சிப்பி வரும். சில சமயம் ஆட்டுக் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டும் வரும். அந்தக் கடலின் தூள்தான் இன்று டம்பர்களின் கனெக்டர்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இருபது வருஷமாக அதைத் துடைத்துத்தான் பிழைக்கிறேன். கனரக வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை. அதில் பிரேக் வேலை என்றால் மட்டும் கை கொஞ்சம் நிதானமாகத்தான் போகும்.

சைக்கிள் பிரேக், பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும். டம்பரின் பார்க்கிங் பிரேக் இதற்குத் தலைகீழ். கனத்த ஸ்பிரிங்குகள் பிரேக் தட்டுகளை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கும். ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு வந்து அந்த ஸ்பிரிங்குகளைத் தள்ளிப் பிடித்தால்தான் சக்கரம் உருளும். ஆயிலுக்கு வழி திறப்பது ஒரு சோலினாய்டு வால்வு. அதற்குக் கரண்ட் அனுப்புவது கேபினில் இருக்கும் கன்ட்ரோலர். ஆயில் போனாலும் சரி, கரண்ட் போனாலும் சரி, வண்டி நிற்கும். இந்தப் புத்தி பழையது. 1872-இல் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குச் செய்த தானியங்கிக் காற்று பிரேக்கும் இப்படித்தான், குழாய் அறுந்தால் பிடித்துக்கொள்ளும். அதனால் "பிரேக் தானாப் புடிக்குது" என்று போன் வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது, நல்லவேளை, பிடிக்கிறதே என்பதுதான்.

நாலு வருஷம் இருக்கும். அப்படி ஒரு போன் வந்தது. 60 டன் டம்பர், பாரத்தோடு ஏற்றத்தில் வரும்போது பிரேக் பிடித்து நடுப்பாதையில் நின்றுவிடுகிறது. திரையில் ஒரே கோட்: பார்க்கிங் பிரேக் சோலினாய்டு, எஃப்.எம்.ஐ. 5. கோட்டின் கடைசி எண்ணைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். 3 என்றால் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட மேலே, 4 என்றால் கீழே. 5 என்றால் போக வேண்டிய கரண்ட் போகவில்லை, எங்கோ சுற்று அறுந்திருக்கிறது. கோட் ஊர்ப் பெயரைத்தான் சொல்லும், வீட்டை நாம்தான் தேட வேண்டும். எனக்கு முன் வந்தவர் சோலினாய்டு என்ற சொல்லைப் பார்த்ததும் சோலினாய்டை மாற்றியிருந்தார். சரியாகவில்லை. அடுத்து கன்ட்ரோலரையே மாற்றியிருந்தார்கள். அதற்கும் அசையவில்லை.

கோட்டுகள் கும்பலாக வந்திருந்தால், கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைனில் நான் தொடங்கியிருப்பேன். பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு அதன் இரண்டு ஒயருக்கும் நடுவே ஓம் பார்த்தால் 60 காட்ட வேண்டும். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனை கழன்றுவிட்டது என்று அர்த்தம். இங்கே 60 சரியாக இருந்தது. சோலினாய்டு காயில் 26 ஓம், அதுவும் சரி. கன்ட்ரோலரிலிருந்து வால்வு வரை ஒயருக்குக் கன்டினியூட்டி வைத்தேன். மீட்டர் 'பீப்' என்றது. எல்லாம் சரியாக இருந்தது, வண்டியைத் தவிர.

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, டைரக்ட் குடுத்து விட்டுடு. ஷிப்ட் நிக்குது."

பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்துச் சோலினாய்டில் கொடுத்தால் பிரேக் விட்டுவிடும், வண்டியும் ஓடும். ஆனால் அதற்கப்புறம் டிரைவர் பார்க்கிங் சுவிட்சைப் போட்டாலும் ஸ்பிரிங் பிடிக்காது. சரிவில் 60 டன் கல்லோடு நிற்கும் வண்டிக்கும் கீழே நடந்து வருகிற ஆளுக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. "அது மட்டும் முடியாதுங்க சார்" என்றேன்.

ஓட்டுகிறவரை அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓய்வு பெறப் போகிற வயது. வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்பண்ணே புடிக்குது?"

"காலி வண்டில வராது தம்பி. பாரத்தோட ஏறயில, அந்த எடப்பக்க வளைவு இருக்குல்ல, அங்கதான். வேற எங்கயும் இல்ல."

நான் செய்த தப்பு அங்கேதான் புரிந்தது. மீட்டர் ஓம் பார்க்க அனுப்பும் கரண்ட் ஒரு துளி. ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இழைகள் அறுந்து ஒன்றோடொன்று ஒட்டி நின்றாலே அது போய்விடும். காயில் வால்வை இழுத்துப் பிடிக்க ஓர் ஆம்பியர் வேண்டும். ஒயரையும் சும்மா வைத்துச் சோதித்தேன், வண்டியையும் சும்மா நிறுத்திச் சோதித்தேன். பாரம் இல்லாதபோது கேட்டால் எல்லாமே சரி என்றுதான் சொல்லும்.

கன்ட்ரோலர் கனெக்டரின் முதுகுப்பக்கம் ஒரு மெல்லிய ஊசி, வால்வு கனெக்டரின் முதுகில் இன்னொன்று. இரண்டிலிருந்தும் நீள ஒயர் இழுத்து, டேப் சுற்றி, கேபினுக்குக் கொண்டுவந்து மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். நடுவில் இருக்கும் ஒயர் எவ்வளவு வோல்டேஜைத் தின்கிறது என்று இது காட்டும். நல்ல ஒயர் அரை வோல்ட்டுக்கு மேல் தின்னக் கூடாது. கல் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சமதளத்தில் 0.4. ஏற்றம் தொடங்கியதும் 0.9. இடப்பக்க வளைவில் வண்டி முறுக்கிக்கொண்டு ஏற, 3, 11. டக்கென்று பிரேக். அண்ணன் என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்ல" என்பதுபோலத் தலையாட்டினார்.

கல்லை இறக்கி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுக் கீழே போனேன். சேஸிஸ் ஓரமாக ஹார்னெஸைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். பின் ஆக்ஸிலுக்கு முன்னால், ஒரு கிளாம்ப்பை ஒட்டி ஒரு சுற்று டேப். நீல டேப். பிரித்தேன். இன்சுலேஷனில் ஊசி குத்திய ஓட்டை. அதற்குள் செம்பு முழுக்கப் பச்சைப் பொடியாகி, அறுந்த இழைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. வளைவில் சேஸிஸ் முறுக்கும்போது கிளாம்ப் இழுக்க, அவை பிரிந்திருக்கின்றன.

இந்தப் பக்கத்தில் எல்லாரும் கறுப்பு டேப்தான் வைத்திருப்பார்கள். நீலம் நான் மட்டும்தான். அதற்கு இரண்டு மழைக்காலத்துக்கு முன் இதே டம்பருக்கு வேறொரு வேலையாக வந்தபோது, அவசரத்தில் டெஸ்ட் லாம்ப் ஊசியால் ஒயரைக் குத்திப் பார்த்து, மேலே டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் நுழைந்து செம்பைத் தின்றிருக்கிறது. சோலினாய்டையும் கன்ட்ரோலரையும் மாற்றியவர்களைப் பற்றிக் காலையிலிருந்து மனசுக்குள் பேசிக்கொண்டிருந்த பேச்செல்லாம் அடங்கிப்போனது.

இரு பக்கமும் செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டினேன். புதுத் துண்டு சேர்த்துக் கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, கிளாம்ப்பருகே கொஞ்சம் தளர்வு விட்டேன். அன்று பாரத்தோடு ஆறு நடை கூடவே போனேன். வளைவில் 0.2. சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொல்லி, கூலி வேண்டாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அடுத்த மாசம் மத்த ரெண்டு வண்டியையும் பாத்துடு தம்பி" என்றார்.

வெட்டி எடுத்த துண்டை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். வேலை கற்க வரும் பையன்களிடம் முதல் நாள் அதைத்தான் கொடுப்பேன். மீட்டர் வைக்கச் சொல்வேன். 'பீப்' என்னும். "நல்லாத்தாண்ணே இருக்கு" என்பார்கள். அதே துண்டின் வழியாக 24 வோல்ட் 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கொடுக்கச் சொல்வேன். பல்பு எரியாது. மறுபடி மீட்டர் வைப்பார்கள், மறுபடி பல்பு வைப்பார்கள்.

பிறகு ஓட்டையைப் பார்த்துவிட்டு, "யாருண்ணே இப்படிக் குத்தினது?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறேன்.