நான் காட்டாத கணக்கு

சிட்லபாக்கத்தில் குடியிருந்துகொண்டு, பக்கத்து மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்தில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெளிநாட்டு பையர்களுக்குப் போகும் சுற்றுச்சூழல் அறிக்கை என் பொறுப்பு. அதில் ஒரு பொய் எண்ணும் கிடையாது. ஆனாலும் படித்தவர்களை நான் தெரிந்தே ஏமாற்றினேன்.

ஒரு பீஸுக்கு எவ்வளவு கரிமம் வெளியாகிறது என்பதையே முதல் பக்கத்தில் போடுவேன். அது ஆண்டுதோறும் இறங்கியது. எல்இடி விளக்கு வந்தது, தையல் மெஷின்களில் கிளட்ச் மோட்டார் போய் சர்வோ மோட்டார் வந்தது. கரண்ட் மிச்சமானது உண்மை. ஆர்டர் அதைவிட வேகமாகப் பெருகியதால் மொத்தம் கூடிக்கொண்டே போனது. அந்த மொத்தத்தை நான் எங்கும் எழுதவில்லை.

கணக்கில் சாயப்பட்டறையைச் சேர்க்காமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு. எங்கள் துணி திருப்பூரில் சாயமேறி வந்தது. நூற்பாலைக்காவது காற்றாலை கைகொடுக்கிறது. ஆரல்வாய்மொழி, உடுமலைப் பக்கம் ஆலைக்காரர்களே 1990-களிலிருந்து நிறுவியவை பல. சாயப்பட்டறைக்கு வேண்டியது நீராவி. பருத்தியில் சாயம் பிடிக்க 60 டிகிரி, பிறகு சோப்பு அலசலுக்குக் கொதிக்கிற பதத்தில் தண்ணீர். பாய்லரில் விறகோ நிலக்கரியோ எரிந்தாக வேண்டும். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு நிறைவேறும்வரை பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டுக் கிடந்த நிலையில் அது நியாயமான உத்தரவு. ஆனால் அந்த ஏற்பாட்டில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்கவும் எரிபொருள்தான் போகிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். துணி பார்க்கத் திருப்பூர் போகும்போது பாய்லர் வாசலில் விறகு லாரிகள் நிற்பதைக் கண்ணால் பார்த்தவன். எங்கள் வளாகத்துக்கு வெளியே நடப்பதைச் சேர்ப்பது அப்போது கட்டாயமில்லை என்பதால் விட்டுவிட்டேன். ஆர்டர் போனால் தையல்கூடத்துப் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் காப்பாற்றியது என் பதவி உயர்வை.

அந்தக் கணக்கை எழுதியிருந்தால், நல்ல பாய்லருக்கும் வீணாகும் வெப்பத்தைத் திரும்பப் பயன்படுத்தும் கருவிக்கும் பையரிடம் பங்கு கேட்க, பட்டறைக்காரர் கையில் ஓர் ஆதாரம் இருந்திருக்கும். ஜாப் ஒர்க் கூலியில் அவர் தனியாகவே எல்லாவற்றையும் சுமந்தார்.

இன்று அந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பீஸ் கணக்குக்குப் பக்கத்திலேயே மொத்தத்தையும் எழுதுங்கள். சாயப்பட்டறை பாய்லரையும் சேர்த்தே எழுதுங்கள்.